ஸ்டெம் மாத்தலாமா, சீட்டைத் திருத்தலாமா? கை மரத்துப் போகுது, முட்டியும் வலிக்குது

காரமடை_பெடல்
வணக்கங்ண்ணா. உயரம் 170 செ.மீ., காலோட உள்ளளவு (கவட்டுல இருந்து தரை வரைக்கும்) 79. ரோடு பைக், 100 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்கிற துண்டு). ஹேண்டில்பார் எட்டலைன்னு சீட்டை அதுக்கு அடியில இருக்கிற ரெயில்ல (கம்பியில) கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளியிருக்கேன், சீட்டோட மூக்கும் கீழ சாஞ்சிருக்கு. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) சுத்துற அச்சுல இருந்து சீட் மேல் வரைக்கும் 67 செ.மீ. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு மணி நேரம் மிதிச்சாலே மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகுது, முட்டிக்கு முன்பக்கம் வலி. கடையில 70 மி.மீ. ஸ்டெம் போடச் சொல்றாங்க. போடலாங்களா?

ரசமட்டம்
இப்பவே வாங்காதீங்க தம்பி. கை எட்டலைங்கிறதுக்காக சீட்டை நகர்த்தவே கூடாது. சீட் எங்க இருக்கணும்னு காலை வெச்சுத்தான் முடிவு பண்ணணும், கைக்கு வேண்டியதை அப்புறம் ஸ்டெம்ல பார்த்துக்கலாம். மூக்கு சாஞ்சிருந்தா உடம்பு முன்னாடி சறுக்கும், அந்தப் பாரத்தை உள்ளங்கை தாங்கும். சுண்டு விரல் பக்கம் ஓடுற நரம்பு அமுங்கிடும்.

உயரம்: உள்ளளவை 0.883 ஆல பெருக்குங்க, 69.8 செ.மீ. வருது. நீங்க கிட்டத்தட்ட 3 செ.மீ. தாழ்வா உக்காந்திருக்கீங்க, முட்டி முன்பக்கம் வலிக்க அதுவே போதும். ஒரே நாள்ல ஏத்தாம 5 மி.மீ. 5 மி.மீ.யா ஏத்துங்க. குதிகாலைப் பெடல்ல வெச்சுக் கீழ வரைக்கும் மிதிச்சா கால் நேரா நீளணும், இடுப்பு ஆடக் கூடாது. முட்டிக்குப் பின்னால இழுத்துச்சுன்னா அதிகமா ஏத்திட்டீங்க. சீட் போஸ்ட்ல (சீட்டைத் தாங்குற குழாய்) குறைந்தபட்சம் எவ்வளவு உள்ள போகணும்னு போட்டிருக்கிற கோடு வெளிய தெரியவே கூடாது.

அடுத்து சீட் மேல ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், அது மேல ரசமட்டம் வெச்சு மட்டம் பாருங்க. கிராங்கைப் படுக்கையா நிறுத்தி, முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கிற எலும்பு மேட்டுல இருந்து தூக்குக்குண்டு விட்டா நூல் பெடல் அச்சு மேல விழணும். தொடங்குறதுக்கு இந்த அளவு போதும். சீட் 10 மி.மீ. பின்னால போனா உயரம் சுமார் 3 மி.மீ. இறக்க வேண்டி வரும், மறுபடி அளந்துக்கோங்க.

கோத்தகிரி_இறக்கம்
அண்ணா சொன்னது சரி. ஆனா சீட் ஏறினா ஹேண்டில் தாழ்ந்த மாதிரி ஆயிடும். அதுக்குக் காசில்லாத வழி ஸ்டெம்மைக் கவுத்துப் போடுறது. 6 டிகிரி, 100 மி.மீ. ஸ்டெம்னா பார் சுமார் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. கிட்ட வரும். அதுவும் பத்தலைன்னா 90 போதும். 70 போட்டா ஹேண்டில் சட்டுனு திரும்பும், கொண்டை ஊசி வளைவு இறக்கத்துல பதட்டமா இருக்கும்.

முதல்ல மேல் மூடி போல்ட், ஸ்டெம்மை ஃபோர்க் குழாயில புடிச்சிருக்கிற பக்க போல்ட் ரெண்டையும் கழட்டுங்க. மாட்டும்போது ஃபோர்க் குழாய் ஸ்டெம் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. உள்ளாற இருக்கணும், ஸ்பேசரை (ஸ்டெம்முக்கு மேலயும் கீழயும் வர்ற வளையம்) தூக்கிப் போட்டுடாதீங்க. மேல் மூடியை ஆட்டம் போற அளவுக்கு மட்டும் முறுக்கி, பக்க போல்ட்டைக் கடைசியா இறுக்குங்க. முன் பிரேக்கைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினா ஹெட்செட்ல (ஃபோர்க் திரும்புற பேரிங்) 'டக்'னு தட்டக் கூடாது, ஹேண்டில் கனமாத் திரும்பவும் கூடாது.

காரமடை_பெடல்
டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஸ்பேனர்) இல்லைங்ண்ணா.

கோத்தகிரி_இறக்கம்
ஸ்டெம் மேலயே அளவு போட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. நீள அலன் கீயோட நுனியில 5 கிலோ அழுத்தம்னா அதுதான் கணக்கு. ஹேண்டில்பாரைப் புடிச்சிருக்கிற முகப்பு போல்ட் நாலையும் குறுக்கும் நெடுக்குமா, இடைவெளி மேலயும் கீழயும் சமமா வர்ற மாதிரி இறுக்குங்க. ஹேண்டில்பாரோ ஃபோர்க் குழாயோ கார்பன்னா மட்டும் கைக்கணக்கு வேண்டாங்க, ரெஞ்ச் இருக்கிற கடைக்குக் கொண்டு போயிடுங்க.