சப்பாத்தின் அடியில் இருப்பது முள்ளா, குமிழா, பல்லா?

கொட்டகலை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலைநாட்டில் இருக்கிற எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓடுகிறோம். ஆசிரியர்கள் இருவர், ஓட்டோ ஓட்டுகிற ஒருவர், கடை வைத்திருப்பவர் ஒருவர், மற்றவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். தார் ரோட்டில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட முடியாமல் தேயிலை மலைக்குள் இறங்கிவிட்டோம். புதிதாக வருகிறவர்களுக்கென்று நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டும்.

பயிற்சி பற்றிய பக்கங்கள் தடையில்லாமல் வந்தன. பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைத்தபடி ஓடக்கூடிய வேகம் போதும், ஏற்றத்தில் தாராளமாக நடக்கலாம், இறக்கத்தில் அடியைச் சின்னதாக வைக்க வேண்டும், மலையில் கிலோமீற்றரை எண்ணாமல் நேரத்தை எண்ண வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். சப்பாத்துப் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

மலைப்பாதையில் ஓடுவதற்கான சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ரப்பர் மேடுகள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் லக் என்கிறார்கள். தார் ரோட்டுச் சப்பாத்தில் இது இல்லை, ஆழமில்லாத கோடுகள் மட்டும்தான். சப்பாத்து வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காய்ந்த இறுகிய பாதைக்கு 3, 4 மில்லிமீற்றர் போதும். மழையும் மண்ணும் கலந்த பாதைக்கு 5, 6 வேண்டும். கணுக்கால் புதைகிற சேறென்றால் அதற்கும் மேல். இவ்வளவையும் எழுதலாம், ஆனால் அந்தப் பொருளுக்குப் பெயரில்லாமல் எப்படி எழுதுவது? 'ரப்பர் மேடு' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே அலுத்துவிட்டது.

இன்னொன்றும் வேண்டும். குதிப்பக்கம் பாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முன்பாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிரொப் என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

தடவோட்டச் சப்பாத்து என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அது சரிதானா என்றும் பாருங்கள்.


கோயம்புத்தூர், செவ்வாய் காலை

வணக்கம் சார். தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன். தடவோட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் தடகளம்தான் ஞாபகத்துக்கு வரும். 400 மீட்டர் சுற்றுத்தடத்தில் கோடு போட்டு ஓடுவது. நீங்கள் சொல்வது அதற்கு நேர் எதிரானது. உங்கள் ஊரில் தடகளத்தை மெய்வல்லுநர் போட்டி என்பதால் குழப்பம் தெரியாமல் இருக்கலாம். இங்கே படிப்பவர் முதல் வரியிலேயே தவறாகப் புரிந்துகொள்வார். மலையோட்டம் என்று எளிமையாக வைத்துவிடுங்கள்.

லக் என்பதற்குப் பட்டன் என்று சொன்னால் என்ன? நான் டயர் தொழிலில் இருப்பவன். லாரி டிரைவர்கள் 'டயர்ல பட்டன் தேஞ்சு போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுப் புதிதாக உருவாக்க வேண்டுமா?


பண்டாரவளை, செவ்வாய் மாலை

தம்பிக்கு அன்பு வணக்கம். நான் ஓடியதில்லை. ஆனால் முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தேன், தோட்டப் பாதையில் நடந்துதான் பாடசாலைக்குப் போய் வந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கோவை நண்பர் சொன்ன பட்டன் இங்கே சரிவராது. சப்பாத்துக்குப் பட்டன் என்றால், நாடாவுக்குப் பதிலாகப் பூட்டுகிற ஒன்று என்றே எங்கள் பிள்ளைகள் நினைப்பார்கள். முள் என்பதும் வேண்டாம். 100 மீற்றர் ஓடுகிறவர்களின் இரும்பு முள் வைத்த சப்பாத்து முள்ளுச் சப்பாத்து. அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடுவோம். குமிழ் என்று வைக்கலாமே? உதைபந்துச் சப்பாத்தின் அடியில் இருப்பதும் அதுதானே?

இன்னொரு விஷயம். 5, 6 மில்லிமீற்றர் என்று நீங்கள் எழுதியது உங்கள் பக்கத்து மழைக்கு. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கத்துச் சரிவைத்தான் நனைக்கும். அதே ஜூலையில் எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும். தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். அப்போது அப்புத்தளைப் பாதையெல்லாம் புழுதியும் சரளையும். எங்களுக்குச் சேறு வருவது வருஷக் கடைசியில். ஒரே மலைநாட்டுக்கு ஒரே அளவைக் கையேட்டில் எழுதிவிடாதீர்கள்.


கொட்டகலை, ஞாயிறு மதியம்

இருவருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன ஊவா விஷயம் முன்பு என் மண்டைக்கே எட்டியிருக்கவில்லை, இப்போது கையேட்டில் சேர்த்துவிட்டேன். தடவோட்டத்தையும் வெட்டிவிட்டு மலையோட்டம் என்று எழுதிவிட்டேன்.

குமிழை நாலைந்து நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். ஒத்துவரவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். குமிழ் என்றால் உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். உதைபந்துச் சப்பாத்துக்கு அது பொருந்தும். எண்ணினால் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும், புல்தரையில் அழுந்தி நிற்கும். மலையோட்டச் சப்பாத்தில் இருப்பவை அப்படியல்ல. எண்ணிக்கை அதிகம், விளிம்பு கூர்மை, பல சப்பாத்துகளில் அம்புமுனை வடிவம். அவற்றுக்குத் திசையும் உண்டு. முன்பாதத்தில் இருப்பவை ஏற்றத்தில் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி நம்மை மேலே ஏற்றுவதற்கு ஒரு பக்கம் பார்த்திருக்கும். குதியில் இருப்பவை இறக்கத்தில் பிரேக் பிடிப்பதற்காக எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். குமிழுக்கு முன்னும் பின்னும் கிடையாது. அந்தச் சொல்லை வைத்தால் இந்த வேலை முழுவதும் மறைந்துபோகும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறியின் தோழர்கள் ஆறு பேர் இறந்தார்கள். காலணி சரியில்லாததும் ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். டயர் செய்கிற ரப்பரை எடுத்து 1937இல் சப்பாத்துக்கு ஓர் அடியைச் செய்தார். சப்பாத்தடி செய்கிற விப்ரம் நிறுவனத்தின் பெயர் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. அந்த அடிக்கு அவர் வைத்த பெயர் கரார்மாட்டோ. இத்தாலிய மொழியில் யுத்த டாங்கி என்று அர்த்தம். டாங்கியின் சங்கிலிப் பட்டையைப் போல இருந்ததால் அந்தப் பெயர். அமெரிக்காவில் பில் பவர்மன் என்ற ஓட்டப் பயிற்றுநர் 1971இல் வீட்டில் வாஃபிள் சுடுகிற அச்சில் ரப்பரை ஊற்றி ஓர் அடியைச் செய்தார். அதற்கு வாஃபிள் என்றே பெயர் நின்றுவிட்டது. லக் என்ற சொல்லும் ஸ்கொத்லாந்துப் பேச்சில் காதைத்தான் குறிக்கும், காதைப் போலத் துருத்தி நிற்பது. எல்லாரும் தாங்கள் தினமும் பார்த்ததைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நாம் எதைப் பார்க்கிறோம் என்று யோசித்தேன்.

இன்று காலை ஓட்டம் முடிந்ததும் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். என் சப்பாத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்து, இதற்கு என்ன பெயர் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். இங்கே நடக்கிற விவாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒருவன் தன் சப்பாத்தையும் திருப்பிக் காட்டினான். அண்ணன் போட்டுத் தேய்த்துக் கொடுத்த சப்பாத்து அது. கவ்வாத்து வெட்டிய மலையில், நிழலில்லாமல் ஊறிக் கிடந்த மண்ணில், இன்று இரண்டு தடவை சறுக்கி வடிகால் கானுக்குள் விழுந்திருந்தான். 'இதுக்குப் பல்லு எல்லாம் தேஞ்சிருச்சு சேர், ஒங்களுதுல பல்லு இருக்கு' என்றான். பக்கத்தில் நின்ற பிள்ளை குச்சியால் தன்னுடையதைக் குத்திக்கொண்டே, 'எனக்குப் பல்லு இடுக்கெல்லாம் களி' என்றாள்.

எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. ஒரே சொல்லில் குடும்பமே வந்து நிற்கிறது. பல் தேயும், பல் உடையும், பல் மண்ணைக் கடிக்கும், பல்லிடுக்கில் சேறு அடைக்கும். இந்தப் பல்லிடுக்கு கையேட்டில் தனியாக எழுத வேண்டிய விஷயம். பற்கள் நெருக்கமாக இருந்தால் எங்கள் செம்மண் களி இடையில் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் அடி தட்டையாகிவிடும், பிறகு 6 மில்லிமீற்றர் உயரம் இருந்தும் பிரயோசனமில்லை. இடைவெளி அகலமாக இருந்தால் காலை உதறும்போதே மண் விழுந்துவிடும். இதற்கு நேர்மாறாக, சிவனொளிபாதமலைப் படிக்கட்டைப் போல ஈரமான கல்லிலும் சீமெந்திலும் ஓடும்போது பல் அவ்வளவாக உதவாது. அங்கே ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், கல்லில் படுகிற பரப்பு கூடுதலாக இருக்க வேண்டும். நெட்டைப் பல் வைத்த சப்பாத்தோடு தார் ரோட்டில் ஓடினால் கால் தள்ளாடும், பல்லும் சீக்கிரம் கரையும். எங்களைப் போல ஒரே ஓட்டத்தில் ரோடு, தோட்டப் பாதை, படிக்கட்டு மூன்றையும் மிதிக்கிறவர்கள் நடுத்தர அளவில் நிற்பதே நல்லது என்பது என் முடிவு.

ஆகவே லக் என்பதற்குப் பல். என் வாக்கு இதற்குத்தான்.


கொழும்பு, ஞாயிறு இரவு

பிள்ளைகளின் சொல்லைக் கேட்டு எனக்கும் சந்தோஷம். ஆனால் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதே பார்த்துவிடுவோம்.

பல் என்பதற்குத் தமிழில் 'பல' என்ற பொருளும் உண்டு. பல்கலைக்கழகம், பல்லினம், பல்லடுக்கு எல்லாம் அந்த வழியில் வந்தவை. வல்லெழுத்துக்கு முன்னால் வழக்கம் நமக்கு உதவுகிறது. பற்பசை, பற்சக்கரம் என்று திரிந்தால் எயிறு, அதாவது கடிக்கிற பல்; பல்பொருள், பல்கலை என்று திரியாமல் நின்றால் பல. உயிரெழுத்துக்கு முன்னால் இந்த வேறுபாடு தெரியாது. நீங்கள் கையேட்டில் பல்லுயரம் என்று எழுதினால், பல உயரங்கள் என்று ஒருவர் படிக்கலாம். பல்லடி என்றால் இன்னும் மோசம்.

முன்னால் ஒரு வினையைச் சேர்த்துப் பிடிபல் என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பிடித்த பல், பிடிக்கிற பல், பிடிக்கும் பல். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் வெட்டும் பல், வேட்டைப் பல், கடைவாய்ப் பல் என்று பற்களை வேலையாலும் இடத்தாலும் பிரித்துத்தானே படிக்கிறோம். அந்த வரிசையில் இதுவும் இயல்பாக உட்காரும். பேசும்போது பல் என்றே சொல்லட்டும். பட்டியலில் பிடிபல், பிடிபல்லின் உயரம், பிடிபல் இடைவெளி என்று இருக்கட்டும்.


பண்டாரவளை, திங்கள் காலை

குமிழை நான் மீளப் பெற்றுக்கொள்கிறேன். பிடிபல் அழகாக இருக்கிறது. ஒன்று மட்டும், தம்பி: அச்சடிக்கக் கொடுக்கும்போது யாராவது ஒற்றுச் சேர்த்துப் 'பிடிப்பல்' ஆக்கிவிடுவார்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. கவனமாக இருங்கள்.

டிரொப் என்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். இறக்கம் என்று மொழிபெயர்க்க வேண்டாம். மலையில் ஓடுகிறவனுக்கு இறக்கம் என்றால் பாதையின் இறக்கம். முன்பாதத்தைவிடக் குதி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதானே சங்கதி? குதியுயர்வு என்று வையுங்கள்.


கொட்டகலை, புதன் இரவு

குதியுயர்வு என்றே எழுதிவிட்டேன், டீச்சர். 'குதியுயர்வு 8 மில்லிமீற்றர்', 'குதியுயர்வு இல்லாத சப்பாத்து' என்று இரண்டுமே தடங்கலில்லாமல் வருகின்றன. நெடுநாள் உயர்ந்த குதியோடு ஓடியவர் திடீரென்று குதியுயர்வு இல்லாத சப்பாத்துக்கு மாறினால் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் சுமை ஏறும், சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கொழும்பு ஐயாவின் பிடிபல்லை எடுத்துக்கொண்டேன். பல்லுயரத்தில் இப்படியொரு பொறி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சப்பாத்துப் பகுதியின் முதல் பந்தி இப்போது இப்படி இருக்கிறது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை பிரதி எடுக்கப் போகிறேன்.

"சப்பாத்தை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். அடியில் தனித்தனியாகத் துருத்தி நிற்பவை பிடிபற்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை ஓடுகிறவர்கள் பிடிபல்லின் உயரம் 5 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இடைவெளி விரல்நுனி நுழையும் அளவிலும் பார்த்து எடுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் அதே மாதங்களில் 3, 4 மில்லிமீற்றர் போதும். பழைய சப்பாத்தாக இருந்தால் முன்பாதத்தின் நடுவில் பெருவிரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் தேய்வது அந்த இடம். அங்கே பல் தட்டையாகிவிட்டால் அந்தச் சப்பாத்தைத் தார் ரோட்டு ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஈரமான இறக்கத்துக்குப் போடாதீர்கள்."

கானுக்குள் விழுந்தவனுக்குப் பிடிபல் என்று எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, 'நான் சொன்னதுதானே சேர்?' என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவனுடைய கால் அளவு 7. எங்கள் குழுவில் ஒருவரிடம் அந்த அளவில், பல் தேயாத சப்பாத்து ஒரு சோடி சும்மா கிடக்கிறதாம். வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.