எரு போட்ட பாத்தியில் தக்காளி முறுக்கிக்கொள்கிறது – கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீசுக்குப் போகலாமா?

புதுப்பாத்தி

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை அமைந்ததால் போன செப்டம்பரில் தெற்கு ஜார்ஜியாவுக்குக் குடிவந்தோம். டிஃப்டனிலிருந்து முக்கால் மணி நேரம். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் நிலம். சென்னையில் மொட்டை மாடித் தொட்டியோடு பழகிய எனக்கு இது பெரிய சொத்து.

தோட்டம் போடப் போகிறேன் என்றதும், பக்கத்துப் பண்ணைக்காரர் பிப்ரவரியில் ஒரு டிரெய்லர் நிறைய மாட்டு எருவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். நன்றாக மக்கியது, வாடையே இல்லை. ஏப்ரல் முதல் வாரம் 14 தக்காளி நாற்று, இரண்டு வரிசை பீன்ஸ், கொஞ்சம் மிளகாய், வடக்கு ஓரத்தில் மக்காச்சோளம் வைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து தக்காளியின் கொழுந்து சுருள ஆரம்பித்தது. இலை ஒடுங்கி, முறுக்கி, கிட்டத்தட்ட பெரணியின் குருத்து மாதிரி ஆகிவிட்டது. மஞ்சளிக்கவில்லை. பூச்சியும் கண்ணில் படவில்லை. பீன்ஸ் இலைகளும் கிண்ணம் போல் மடங்கிவிட்டன. மக்காச்சோளம் மட்டும் ஜோராக வளர்கிறது. வாசலில் தொட்டியில், கடையில் வாங்கிய மண்ணில் வைத்த இரண்டு தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பண்ணைக்காரரின் மனைவி, "கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீசுக்கு எடுத்துப் போ" என்கிறார். அது என்ன ஆபீஸ்? நம் ஊர் வேளாண்மைத் துறை அலுவலகம் மாதிரியா? நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்கள் வரும் இடத்தில் 14 தக்காளிச் செடிக்காக நான் போய் நிற்கலாமா? பணம் கேட்பார்களா? விசாவில் இருப்பவர்கள் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேரிலாண்ட் முருங்கை

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இலைச்சுருட்டை வைரஸ் மாதிரி இருக்கிறது. வெள்ளை ஈ பரப்புவது. எல்லாச் செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேப்பெண்ணெய் அடியுங்கள். ஆபீசுக்கெல்லாம் போக வேண்டாம், நேரம்தான் வீண்.

கடலைக்காடு

தங்கச்சி, செடியை இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம். எதையும் தெளிக்கவும் வேண்டாம். மிச்சம் இருக்கும் எருவை ஒரு கூடைகூட வேறு பாத்திக்கு அள்ளிப் போடாதீர்கள். இது மூன்றும் முதலில்.

நான் தெற்கு ஜார்ஜியாவில் ஒரு கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீசில் 14 வருஷம் முன் மேஜையில் இருந்தேன். போன் எடுப்பது, மண் பை வாங்கி முகவரி எழுதி அனுப்புவது, செடியோடு வருகிறவர்களை ஏஜென்டிடம், அதாவது அங்கே ஆலோசனை சொல்லும் வேளாண் அலுவலரிடம், அனுப்புவது என் வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் திண்டிவனம் பக்கம். அப்பா கிராம சேவக்காக, அதாவது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வழி சொல்லும் அரசு ஊழியராக, இருந்தவர். அதனால் இந்த ஆபீஸ் எனக்கு முதல் நாளே பழகிய இடம் போல இருந்தது.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மக்காச்சோளம் நன்றாக இருக்கிறது என்பது ஒன்று, தொட்டிச் செடி நன்றாக இருக்கிறது என்பது இன்னொன்று. வைரஸ் என்றால் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வரும். இலைச்சுருட்டையில் இலையின் ஓரம் மஞ்சளிக்கும், செடி குட்டையாக நின்றுவிடும். எரு போட்ட இடம் முழுக்க தக்காளியும் பீன்ஸும் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்ள, புல் இனமான சோளம் மட்டும் தப்பிக்கிறது என்றால் எருவின் மேல்தான் சந்தேகம்.

எங்கள் ஆபீசில் இதை முதல் தடவை நான் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தக்காளிச் செடியை வேரோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நாற்பது வருஷமாகத் தோட்டம் போடுகிறவர். கண் கலங்கியிருந்தது. ஏஜென்ட் வந்து இலையை அரை நிமிஷம்தான் பார்த்தார். அப்புறம் கேள்விகள். என்ன உரம் போட்டீர்கள்? எரு யாருடைய மாடு? அந்த மாடு எந்த வைக்கோல் தின்றது? அந்தப் புல்வெளிக்குக் களைக்கொல்லி அடித்தார்களா? பக்கத்தில் சோளம் இருக்கிறதா, அது எப்படி இருக்கிறது? பெரியவர் சொல்லச் சொல்ல ஏஜென்ட் மேஜை மேலிருந்த காகிதத்தில் தோட்டத்தைப் படமாக வரைந்துகொண்டே வந்தார். மத்தியானம் தன் டிரக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க அமினோபைராலிட், பிக்லோராம் போன்ற மருந்துகளை அடிப்பார்கள். புல்லுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லை, அல்லது அதை அறுத்துக் காயவைத்த வைக்கோலை, மாடு தின்கிறது. மாட்டின் வயிற்றில் அந்த மருந்து சிதைவதில்லை. அப்படியே சாணத்திலும் மூத்திரத்திலும் வந்துவிடும். குப்பை மேட்டில் கிடந்து மக்கினாலும் சீக்கிரம் அழியாது, மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேலும் இருக்கும். துளியளவு இருந்தாலே தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். எரு கொடுத்தவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், குறிப்பாக வைக்கோலை வெளியே வாங்கியிருந்தால். அதனால் அவர்மேல் வருத்தம் வேண்டாம்.

எனக்கு இது எளிதில் ஜீரணமாகவில்லை. சாணி எரு என்றால் நம் வீட்டில் சாமி மாதிரி. எரு கெடுதல் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் என் அப்பா எழுந்து போயிருப்பார்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், எங்கள் ஏஜென்ட் எல்லோருக்கும் சொல்வது. நாலு சின்னத் தொட்டியில் எருவையும் கடையில் வாங்கிய தொட்டி மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். இன்னும் நாலில் வெறும் தொட்டி மண். எல்லாவற்றிலும் மும்மூன்று பீன்ஸ் விதை. இரண்டு வரிசையையும் தள்ளி வையுங்கள், ஒன்றிலிருந்து வடியும் தண்ணீர் மற்றதில் படக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் நிஜ இலைகள் விரியும்போது தெரிந்துவிடும்.

சரி, ஆபீசுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். நான் இருந்த காலத்தில் ஒருவரிடமும் விசா கேட்டதில்லை. ஆலோசனைக்குப் பணம் இல்லை. மண், கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைக்கு மட்டும் ஒரு சிறு கட்டணம், அதுவும் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். இந்த ஆபீஸ் மூன்று பேர் பணத்தில் ஓடுகிறது: மத்திய அரசு, மாநிலம், கவுண்டி. மூன்றுக்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள். 1914 மே 8 அன்று கையெழுத்தான ஸ்மித்–லீவர் சட்டத்தில்தான் இந்த ஏற்பாடு நாடு முழுக்க வந்தது. அந்த ஸ்மித் நம் ஜார்ஜியாவின் செனட்டர் ஹோக் ஸ்மித். பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்பதை வயலுக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும், அவர் அந்தக் கவுண்டியிலேயே குடியிருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. அதற்கும் முன்னால் 1906-லேயே அலபாமாவில் டஸ்கீகியிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் யோசனையில் குதிரை வண்டி ஒன்று கருவிகளோடும் விதைகளோடும் கறுப்பின விவசாயிகளின் கிராமங்களுக்குப் போனது. அந்த வண்டியோடு போன தாமஸ் மன்ரோ கேம்பல்தான் முதல் கறுப்பின ஏஜென்ட். இந்தக் கதையைக் கேட்டால் அப்பா சைக்கிளில் விதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் வரும்.

பெரிய பண்ணைக்காரர்கள் நடுவில் நிற்க வேண்டுமே என்ற தயக்கம் வேண்டாம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் எங்கள் ஆபீஸ் பின்புறம் வந்து பார்த்திருக்க வேண்டும். கடலை விவசாயிகள் வாளி வாளியாகக் காய் கொண்டுவருவார்கள். அமெரிக்கக் கடலையில் ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில்தான் விளைகிறது. ஏஜென்ட் தண்ணீரைப் பீய்ச்சி காயின் மேல்தோலை உரிப்பார். உள்ளே இருக்கும் அடுக்கின் நிறம் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று முற்றுவதற்கு ஏற்ப மாறியிருக்கும். காய்களை நிறவாரியாக ஒரு பலகையில் அடுக்கிப் பார்த்து, இன்னும் பத்து நாள் பொறு, இல்லை நாளைக்கே தோண்டு என்று சொல்வார். ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் நஷ்டம். அப்பாவும் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கருத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்தப் பலகையை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே நாளில், அந்த வாளிகளுக்கு நடுவே, பாட்டி ஒருவர் காய்கறியை ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தும் பிரஷர் கேனரின் மூடியைக் கொண்டுவருவார், அதன் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க. ஒரு பையன் ஃபோர்-ஹெச் என்ற சிறுவர் சங்கத்தின் போட்டிக்காகத் தன் பன்றிக்குட்டியின் எடைக் கணக்கோடு வருவான். குடும்பத் தலைவர் ஒருவர் ஜாடியில் ஒரு சிலந்தியோடு வந்து, இது கடித்தால் ஆபத்தா என்பார். யாரையும் சின்ன விஷயத்துக்கு வந்தவர் என்று நாங்கள் நினைத்ததில்லை. என் மேஜைக்கு வந்த கேள்வி எல்லாம் அந்த மனிதருக்குப் பெரிய கேள்விதான்.

போகும்போது ஒரு செடியை வேரோடும் மண்ணோடும் தோண்டி, வேர்ப்பகுதியை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். காலையில் போங்கள். முதல் நாளே பிடுங்கி டிரங்கில் போட்டு வெயிலில் வேகவைத்துவிடாதீர்கள், அப்படி வந்த செடியை யாராலும் படிக்க முடியாது. தோட்டம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம், பாதித்த செடியும் பாதிக்காததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒன்று. மண் பரிசோதனையும் கொடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்குத் தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அவர்கள் தரும் பையில் நிரப்புங்கள். தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகம் கணக்கைக் கெடுக்கும். பை ஏதென்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போகும். ஆனால் அந்தச் சாதாரணப் பரிசோதனை களைக்கொல்லியைக் காட்டாது. அமிலத்தன்மையும் சத்துகளும்தான் தெரியும். களைக்கொல்லிக்கு உங்கள் பீன்ஸ் தொட்டிகள்தான் சாட்சி.

ஹூஸ்டன் வாசி

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜார்ஜியா மண் ரிப்போர்ட்டில் சுண்ணாம்பு போடச் சொன்னால், டெக்சஸில் இருக்கும் நாம் அதைப் படித்துவிட்டு போடக் கூடாது. சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைக்கத்தான், எங்கள் பக்கம் பல இடங்களில் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. அவரவர் கவுண்டியில் கேளுங்கள்.

இன்னொன்று, கறிவேப்பிலை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வளரும். ஃப்ளோரிடாவில் 2005-ல் அந்த நோய் வந்த பிறகு அங்கே ஆரஞ்சுத் தோப்புகள் எப்படிச் சரிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கறிவேப்பிலைச் செடியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. உறவினர் வீட்டிலிருந்து கன்று எடுத்து வரும் முன் எக்ஸ்டென்ஷன் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போட்டேன், பத்து நிமிஷம் பொறுமையாகச் சொன்னார்கள்.

மேரிலாண்ட் முருங்கை

கடலைக்காடு அக்கா, எரு விஷயம் எனக்குத் தெரியாது. என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். நானும் இந்த வருஷம் ஒருவரிடம் குதிரை எரு சொல்லி வைத்திருக்கிறேன். அவருடைய வைக்கோல் எங்கிருந்து வருகிறது என்று இன்றே கேட்கிறேன்.

கடலைக்காடு

கேளுங்கள் தம்பி. அவருக்குத் தெரியாவிட்டால், பீன்ஸ் விதைத்துப் பார்த்துவிட்டு எருவைப் போடுங்கள். மூன்று வாரம் காத்திருந்தால் போதும்.

புதுப்பாத்தி

எல்லோருக்கும் நன்றி. மூன்றரை வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்ன மறுநாளே போனேன். நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். முன் மேஜையில் இருந்த பெண்ணிடம் "14 செடிதான்" என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். "எத்தனை செடி காப்பாற்றணும், சொல்லுங்க" என்றார். ஏஜென்ட் நீங்கள் எழுதிய அதே வரிசையில் கேள்வி கேட்டார் அக்கா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, எங்கள் பண்ணைக்காரரையும் போய்ப் பார்த்தார். இரண்டு வருஷம் முன்னால் வறட்சியில் வெளியே வாங்கிய வைக்கோலாம். அவர் அன்று சாயங்காலம் ஒரு கூடை அவித்த கடலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நாங்கள்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம்.

பீன்ஸ் தொட்டிகள்: வெறும் மண்ணில் 12 விதையில் 11 முளைத்து இலை தட்டையாக விரிந்திருக்கிறது. எரு கலந்ததில் 10 முளைத்தன, பத்தும் கிண்ணமாக மடங்கிவிட்டன. மண் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அமிலத்தன்மை (pH) 5.4. இலையுதிர் காலத்தில் சுண்ணாம்பு போடச் சொல்லி அளவும் எழுதியிருக்கிறார்கள்.

தக்காளியை எடுத்துவிட்டேன், குப்பை மேட்டில் போடவில்லை. மிச்ச எருவைப் பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்துக்கே திருப்பி அள்ளிக்கொண்டு போனார். பாத்தியை நன்றாகக் கொத்திப் புரட்டி முழுக்க மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் அந்த மண்ணில் மறுபடி பீன்ஸ் விதைத்துப் பார்த்துவிட்டுத்தான் தக்காளி. அதுவரை வாசல் தொட்டிச் செடிகள் இரண்டும் காய்க்கின்றன, நேற்று ரசத்துக்கு நாலு பழம் பறித்தேன்.