உள்ளங்கையில் பருக்கள், சிகே நார்மல்: டெர்மட்டோமயோசைட்டிஸை விட்டுவிடலாமா?

கேள்வி: 7 வயதுச் சிறுமி. டெர்மட்டோமயோசைட்டிஸ் (தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோய்) சந்தேகம். விரல் மடிப்புகளின் உள்பக்கம் வலிக்கும் சிவந்த பருக்கள், முழங்கையில் சிறு புண். இந்த நோயின் அடையாளமான இமை ஊதா நிறம் இல்லை. சிகே (தசை சேதமடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) நார்மல். தசைப் பலவீனமும் பெரிதாக இல்லை.

பதில் 1: விடாதீர்கள். உள்ளங்கைப் பருவும் புண்ணும் சேர்ந்து வந்தால் ஆன்டி எம்டிஏ5 (இந்நோயின் ஒரு வகையைக் காட்டும் எதிர்ப்பொருள்) பார்த்தே ஆகவேண்டும். இந்த வகையில் தசை லேசாகத்தான் பாதிக்கும், அடிவாங்குவது நுரையீரல். இருமல் இல்லாவிட்டாலும் மார்பு சிடி எடுங்கள். சிகே மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். எல்டிஎச், ஏஎஸ்டி, ஆல்டோலேஸ் ஆகிய மற்ற தசை நொதிகளுக்கும் ரத்தம் அனுப்புங்கள். தொடைக்கு எம்ஆர்ஐ, ஸ்டிர் வரிசையோடு (தசை அழற்சியின் நீர்க்கோப்பைக் காட்டும் படமுறை).

பதில் 2: நகக்கண்ணைப் பார்த்தீர்களா? மோதிர விரலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு டெர்மட்டோஸ்கோப்பை (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வையுங்கள். தடித்து முறுக்கிய நுண்குழாய்களும் நடுவே வெற்றிடங்களும் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். (நகம் கடிக்கும் பிள்ளையிடம் இது அவ்வளவு நம்பகமில்லை.) ஈறு விளிம்பிலும் இதே மாற்றம் வரும். இன்னொன்று, கருத்த தோலில் ஊதா வெறும் பழுப்பாகத்தான் தெரியும். இமையைப் பகல் வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள்.

பதில் 3: புண் இருப்பதால் வயிற்றுவலியை அலட்சியப்படுத்தாதீர்கள். ரத்தக்குழாய் அடைபட்டுக் குடல் துளைபடலாம். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் துளை விழுந்தும் வயிறு இறுகாமலே இருக்கலாம்.