புதுப்பிப்பு: புதுக் கோழிங்க பழைய கூட்டத்தோட சேர்ந்துடுச்சு

சந்தையில வாங்கின நாலு சிறுவிடை (சின்ன ரக நாட்டுக்கோழி) பெட்டைய என்கிட்ட ஏற்கனவே இருந்த கோழிங்க கொத்தி விரட்டுது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்ப எல்லாம் ஒரே கூண்டுல அடையுது.

முதல்ல புதுசுங்கள மூணு வாரம் தனியா வச்சு, சனிக்கிழமை கால்நடை மருந்தகத்துல கோழிக்கழிச்சல் நோய்க்கு தடுப்பூசி போட்டேன், சந்தைக் கோழிக்கு இத விட்டுடாதீங்க. ராத்திரி இருட்டுல தூக்கி உள்ள விடுங்கன்னு சிலர் சொன்னீங்க, விட்டேன், விடிஞ்சதும் மறுபடி அதே சண்டைதான். வேலை செஞ்சது கம்பி வலைத் தடுப்பு சொன்ன அண்ணனோட யோசனை. நடுவுல வலை கட்டி ரெண்டு பக்கமும் வலைய ஒட்டியே தீவனம் வச்சேன், முதல்ல வலை வழியா கொத்த வந்துதுங்க, ஒரு வாரத்துல பக்கத்து பக்கத்துல நின்னு கம்பு பொறுக்க ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம்தான் வலைய எடுத்தேன். தீவனமும் தண்ணியும் ரெண்டு மூணு இடத்துல வைக்கணும், இல்லன்னா புதுசு பட்டினிதான்.

எதிர்பார்க்காதது, பெரிய பெட்டை கண்டுக்கவே இல்ல, இத்தனை நாள் எல்லார்கிட்டயும் கொத்து வாங்கின கருப்பிதான் புதுசோட கொண்டைய ரத்தம் வர்ற வரைக்கும் கொத்துச்சு. ரத்தத்த பாத்தா மத்ததும் சேர்ந்துக்கும்னு மஞ்சள் வேப்பெண்ணெய் தடவி, கருப்பிய மட்டும் ஒரு வாரம் தனியா அடைச்சேன். திரும்ப விட்டப்ப அதுதான் ஒதுங்கி ஒதுங்கி போச்சு.

முட்டை கொஞ்சம் குறைஞ்சுது, இப்ப பழையபடி வருது.