பேஸ் அம்புக்குத் தமிழ்: ‘மந்தரப் பெட்டி’ சரிவருமா?

ஆரையம்பதியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை இசைக்குழுப் பிள்ளைகளுக்காக வாத்தியங்களைப் பற்றி ஒரு சின்னக் கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறோம். கிற்றார், தந்தி, கட்டை எல்லாம் ஓடிவிட்டன. தாழ்ந்த சுருதிகளை வாசிக்கிற பேஸ் கிற்றாருக்கான அம்ப், அதாவது ஒலியைப் பெரிதாக்கும் அம்ப்ளிஃபயர், அதில் வந்து நின்றுவிட்டது. ‘எடைகுறை தாழ்சுருதி ஒலிவிரியலாக்கி’ என்று ஒரு நண்பர் எழுதித் தந்தார். பிழையில்லை. ஆனால் இதைக் கடையில் போய்ச் சொல்லி முடிக்க முதல் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிடுவார். நான் ‘அடித்தொனிப் பெட்டி’ என்று யோசித்தேன்.

கூடவே ஒரு சொந்த அலுவல். எங்கட குழுவுக்கு ஒத்திகைக்கென்று அப்படியொரு சின்ன அம்ப் வாங்க வேணும். ஒரு கையால் தூக்கி ஓட்டோவுக்குள் வைக்கக்கூடியதாக, வீட்டு விறாந்தையில் வாசிக்கத்தக்கதாக. சொல்லையும் பொருளையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் எழுதினால் புண்ணியமாய்ப் போகும்.

கல்முனையிலிருந்து:

தம்பி, அந்த நீளச் சொல்லைத் துண்டு துண்டாக எடுப்போம்.

விரியலாக்கி என்பது உயர்தரப் பௌதிகவியலில் நம் பிள்ளைகள் படிக்கிற சொல். செயற்பாட்டு விரியலாக்கி என்று பரீட்சைத் தாளிலேயே வரும். தமிழ்நாட்டில் இதையே பெருக்கி என்கிறார்கள். ஒலிபெருக்கி என்றால் இங்கே கோயில் மரத்தில் கட்டுகிற குழாய்தான் ஞாபகம் வரும், அதனால் அது வேண்டாம். விரியலாக்கி நல்ல சொல், அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் அது உள்ளே கிடக்கிற சுற்றின் பெயர். நீங்கள் ஓட்டோவில் ஏற்றுவது சுற்றும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு முழுச் சாமான். வாசிக்கிறவர்கள் கொம்போ என்கிறார்களே, அது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் ஹெட், பொக்ஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே முழுச் சாமானுக்குப் ‘பெட்டி’ என்று முடிகிற சொல் போதும், விரியலாக்கியை அதற்குள் திணிக்க வேண்டியதில்லை.

எடையைப் பெயரில் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. 1969இல் வந்த அம்பெக் எஸ்.வி.டி. 300 வாற்று வால்வு அம்ப். அதன் ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்றைக்கு ட்ரேஸ் எலியட்டின் எல்ஃப் 4 ஓமில் 200 வாற்று தருகிறது, முக்கால் கிலோகூட இல்லை. எடை குறைந்தது என்பது இப்போது பொதுக் குணம். பெயரில் அதைச் சுமந்துகொண்டு திரிவானேன்?

ஆனால் எடை எங்கே போனது என்பதைக் கைந்நூலில் சொல்லத்தான் வேண்டும், அங்கே இரண்டு சொல் தேவைப்படும். பழைய அம்பில் பாரம் முக்கியமாக நிலைமாற்றியில் (ட்ரான்ஸ்ஃபோமரில்) இருந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) பெரிய வலுவைக் கடத்த அதன் நடுவிலுள்ள இரும்பு அகணி பெரிதாக இருக்க வேண்டும். புதிய வகையில் மின்னை முதலில் நேரோட்டமாக்கி, பிறகு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை ஆளியால் (சுவிச்சால்) வெட்டி விடுகிறார்கள். மீடிறன் அப்படி ஏறியதும் உள்ளங்கையில் அடங்கும் நிலைமாற்றி போதுமாகிவிடுகிறது. விரியலாக்கிச் சுற்றிலும் அதே வேலைதான். திரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து நின்று சூடாவதில்லை. ஒன்றில் முழுக்கத் திறப்பு, இல்லாவிட்டால் முழுக்க மூடல். ஒவ்வொரு துடிப்பின் அகலமும் வருகிற ஒலிச் சமிக்ஞைக்கு ஏற்ப மாறும். வினைத்திறன் 90 சதவீதத்தை எட்டும், வெப்பம் குறையும், அதனால் வெப்பத்தை இறக்குகிற அலுமினியக் கட்டியும் குறையும். ஸ்பீக்கரில் பழைய ஃபெரைற் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் போட்டால் அங்கேயும் பாரம் இறங்கும்.

இதை டீ வகுப்பு என்பார்கள். டீ என்றால் டிஜிட்டல் என்று நினைத்து ‘இலக்கமுறை விரியலாக்கி’ என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். ஏ, பீ, சீ என்று வகுப்புகள் இருந்தன, அடுத்து வந்தது டீ, அவ்வளவுதான் கதை. என் பரிந்துரை: ‘ஆளிமுறை விரியலாக்கி’, ‘ஆளிமுறை வலு வழங்கி’. ஆளி என்ற சொல்லைப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குள்ளேயே படித்துவிடுவார்கள்.

இனி உங்கள் ‘அடித்தொனி’. இதில்தான் எனக்குப் பெரிய தடை. அடிப்படைத் தொனி என்று ஒன்றை நாங்கள் படிப்பிக்கிறோம். ஒரு தந்தி முழு நீளத்துக்கும் அதிர்கிற தொனி அது, அதற்கு மேலே அதன் மடங்குகளாக வருகிற இசையங்கள். பேஸின் நாலாம் தந்தியைத் திறந்து தட்டினால் அடிப்படை ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ், இரண்டாம் இசையம் 82. சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை அறுபது, எழுபதுக்குக் கீழே வேகமாகச் சோர்ந்துவிடும். அதாவது அந்த 41 கிட்டத்தட்ட வெளியே வருவதேயில்லை! 82, 123, 164 என்று வருகிற இசையங்களைக் கேட்டு நம் மூளை அடிப்படையைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அடிப்படைத் தொனியைத் தராத பெட்டிக்கு அடித்தொனிப் பெட்டி என்று பேர் வைத்தால் என் வகுப்பில் முதல் வாங்குப் பிள்ளையே கேள்வி கேட்கும்.

கல்லடியிலிருந்து:

கல்முனைச் சேர் சொன்னதை வைத்துக்கொண்டு இசைப் பக்கமிருந்து பார்க்கிறேன்.

பழந்தமிழிசையில் வலிவு, சமன், மெலிவு என்று மூன்று தாயி (ஸ்தாயி) உண்டு. கீழ்த்தாயி மெலிவு. ‘மெலிவுப் பெட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன், நோயாளிப் பெட்டி மாதிரி இருக்கிறது. மத்தளத்தில் தாழ்ந்த ஒலி தருகிற தொப்பிப் பக்கத்தையும் நினைத்தேன். கூத்துக்காரருக்கு உடனே விளங்கும். ஆனால் ‘தொப்பிப் பெட்டி’ என்றால் கடையில் தொப்பிதான் எடுத்துத் தருவார்கள்.

மிஞ்சுவது கீழ்த்தாயிக்கு இன்னொரு பேரான மந்தரம். மந்தர ஸ்தாயி சங்கீதம் தொட்ட எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ‘மந்தம்’ என்று குறுக்க வேண்டாம், அது புத்திக்கும் வயிற்றுக்கும் போய்விடும். மந்தரத்தில் இன்னொரு வசதி: அது ஒரு தனி மீடிறனின் பெயரில்லை, ஒரு பரப்பின் பெயர். சேருடைய அடிப்படைத் தொனிப் பிரச்சினை இதில் வராது.

இதிலும் ஒரு இடறல் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ஆண் குரலில் ஆதார சட்சம் 130 ஹேர்ட்ஸ் அளவில் என்று வைத்துக்கொண்டால் மந்தர ஸ்தாயி 65 தொடக்கம் 130 வரை. அதற்கும் கீழே, 32 தொடக்கம் 65 வரைக்கும் உள்ளது அனுமந்தரம். பேஸின் நாலாம் தந்தி அனுமந்தரத்தில் கிடக்கிறது. ஐந்து தந்தி பேஸ் என்றால் 31 ஹேர்ட்ஸ், அனுமந்தரத்துக்கும் அடியில். ஆகக் கிற்றாரைப் பற்றிப் பேசினால் மந்தரம் முழுக்கச் சரியில்லை. ஆனால் நாங்கள் பேர் வைப்பது கிற்றாருக்கு இல்லையே. சேர் சொன்ன கணக்கில், சின்னப் பெட்டி சோர்ந்துபோகிற இடமும் மந்தர ஸ்தாயி முடிகிற இடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அது தருவது மந்தரத்தை. ‘மந்தரப் பெட்டி’ என்றால் அதற்குள் பொய் இல்லை. மேடையில் தரையோடு வைக்கிற சப்வூஃபருக்கு ‘அனுமந்தரப் பெட்டி’ என்ற சொல்லும் சும்மா கையில் வந்து விழுகிறது.

சொல்லாக்கம் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று நிற்கத் தேவையில்லாத ஊர் இது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கத்துக்கும் தலைமை கொடுத்தார், யாழின் சுருதிகளைக் கணக்கால் அளந்தும் எழுதினார்.

செங்கலடியிலிருந்து:

அக்கா, சொல் வடிவாத்தான் இருக்கு. ஆனால் எங்கட பொடியன்கள் அதை ‘மந்திரப் பெட்டி’ என்றுதான் சொல்லப்போறாங்கள். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார் என்று ஏற்கனவே பேர். இனிப் பெட்டியோடும் ஒட்டவைப்பார் என்று யாழ்ப்பாணத்தில் கதை கட்டினால் நான் பொறுப்பில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஒட்டவைத்தால் நல்லதுதான், தம்பி. பேஸ் வாசிக்கிறவர் நின்ற இடத்தில் நிற்பார்.

நான் கலியாணம், பள்ளிக்கூட விழா, மேடை எல்லாத்துக்கும் சவுண்ட் போடுற ஆள். சொல்லை நீங்கள் முடியுங்கள், வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உங்கட குழுவில் ட்ரம்ஸா, ஒக்டபாட்டா (தட்டி வாசிக்கிற மின் ட்ரம் பலகையா)? மற்ற எல்லாம் இதிலேதான் தொங்குது. ஒக்டபாட் என்றால் சத்தத்தை நீங்கள் நினைத்த அளவுக்கு இறக்கலாம், 10 அங்குல ஸ்பீக்கரோடு 40 வாற்றுப் பெட்டி விறாந்தைக்குக் காணும். ட்ரம்ஸ் என்றால் அவரை மெதுவாக அடிக்கச் சொல்லி வெல்ல ஏலாது. 100 வாற்றும் 12 அங்குலமும்தான் தொடக்கம். 8 அங்குலத்தை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் பேஸ் வாசிக்கிறவரின் விரல் அசையும், வேறொன்றும் தெரியாது.

வாற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாற்றை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேணுமென்றால் பத்து மடங்கு வாற்று வேணும். மலிவுச் சாமான்களில் ‘உச்ச வலு’ என்று ஒரு பெரிய இலக்கம் எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிட்டுத் தொடர்ந்து தரக்கூடிய வாற்று எவ்வளவு என்று பாருங்கள். அதைவிடவும் கூம்பின் பரப்பு முக்கியம். ஒரு ஸ்தாயி கீழே போய் அதே சத்தம் வேணுமென்றால் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேணும். சின்னக் கூம்பால் ஒரு அளவுக்கு மேல் ஏலாது. பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு ‘பர்ர்’ என்று இரையுது என்று கொண்டுவருகிறார்கள். திருத்த ஒன்றுமில்லை, குமிழைக் குறைக்க வேண்டியதுதான். ஸ்பீக்கர்காரர் ஹோஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று சொல்வார்கள்: பெட்டி சின்னதாக இருக்க வேணும், ஆழமாகக் கேட்க வேணும், குறைந்த வலுவில் பெரிய சத்தம் வேணும். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். இலேசான அம்ப் வந்ததால் மூன்றாவதை வாற்றால் ஓரளவு ஈடுகட்ட முடிகிறது, விதி மாறவில்லை.

பேர் சொல்லிக் கேட்டால், ஃபெண்டர் ரம்பிள் 40 என்பது 10 அங்குலம், 8 கிலோ சொச்சம். ரம்பிள் 100 என்பது 12 அங்குலம், 10 கிலோ. இரண்டு கிலோவுக்காக 40ஐ எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னேரம் சின்னப் பெட்டியை முழுக்கத் திருகி வைத்து அழுவதைவிடப் பெரியதை அரைவாசியில் வைத்து நிம்மதியாக வாசிக்கலாம். இரண்டிலும் மிக்சருக்குக் கொடுக்கிற எக்ஸ்.எல்.ஆர். வெளிவாய் இருக்கிறது. அது இல்லாத பெட்டியை எடுக்க வேண்டாம். மேடைக்குப் போகும்போது அந்த வயரைத்தான் என் மாதிரி ஆள் முதலில் கேட்பான்.

ஒன்று கட்டாயம் சொல்ல வேணும். கனடாவில் மாமா இருக்கிறார், வரும்போது கொண்டுவருவார் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. இலேசான பெட்டிதானே, ஆளிமுறை வழங்கிதானே, எந்த வோல்டேஜுக்கும் ஓடும் என்று நம்பிப் பிளக்கைச் செருகாதீர்கள். சிலது ஓடும், சிலது ஓடாது. பின்பக்கத்தில் 100 தொடக்கம் 240 என்று எழுதியிருக்கிறதா, அல்லது மாற்றுகிற ஆளி இருக்கிறதா என்று மாமாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாம் பின் இல்லாத அடப்டரையும் வாங்காதீர்கள். ஏர்த் இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமில்லை, மைக்கில் உதடு பட்டால் ஷொக்கும் அடிக்கும்.

வைக்கிற இடம். தரையில் சுவரோடு ஒட்டி வைத்தால் அடி ஒலி கூடிக் கேட்கும், மூலையில் இன்னும் கூடும். சீமெந்து விறாந்தையில் அது கலங்கிப்போகும். கதிரையில் வையுங்கள், முகத்தைப் பார்த்து ஒள்ளுப்பம் சாய்த்துவிடுங்கள். முழங்காலுக்குக் கேட்கிற பெட்டியை வாசிக்கிறவர் கூட்டிக்கொண்டே போவார், பக்கத்து வீட்டுக்குத்தான் பேஸ் நல்லாக் கேட்கும்.

ஆரையம்பதியிலிருந்து:

அக்கரைப்பற்று நானா, எங்களுக்கு ஒக்டபாட்தான். ஆனால் தைப்பொங்கலுக்குப் பிறகு ட்ரம்ஸ் வாங்குவம் என்று ஒருத்தர் நிற்கிறார். ஆகவே 12 அங்குலம் என்று முடிவெடுத்துவிட்டோம். மாமாவிடம் படமும் கேட்டாயிற்று. வந்த படத்தில் 120 மட்டும்தான் போட்டிருக்கிறது, அதனால் கொழும்பில் பார்க்கிறோம்.

கைந்நூலில் இப்படிப் போடுகிறேன். மந்தரப் பெட்டி: பேஸ் கிற்றாருக்கான விரியலாக்கியும் ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டி. தனியாக வருகிற ஹெட்டுக்கு ‘மந்தர விரியலாக்கி’, வெறும் பொக்ஸுக்கு ‘ஒலிப்பெட்டி’. அடித்தொனியை எடுத்துவிட்டேன், சேர். ஆளிமுறை என்ற இரண்டு சொல்லும் அப்படியே வருகின்றன. அக்காவின் அனுமந்தரப் பெட்டியையும் சேர்க்கிறேன்.

கல்முனையிலிருந்து:

சம்மதம். ‘ஸ்பீக்கர்’ அப்படியே இருக்கட்டும், அதை மாற்றப் போனால் இன்னொரு மாதம் போய்விடும். ‘மந்தர’ என்பதில் ‘த’வுக்கு மேல் இகர விசிறி விழுந்து ‘தி’ ஆகாமல் அச்சுப் பார்ப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

கல்லடியிலிருந்து:

மந்திர ஸ்தாயி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், சேர். விழுந்தாலும் குடிமுழுகிப் போகாது.

நானா சொன்ன அந்த எக்ஸ்.எல்.ஆர். வெளிவாயைச் சவுண்ட்காரர் ‘டீ.ஐ.’ (டிரெக்ட் இன்ஜெக்ஷன்) என்கிறார்களே, அதற்கு என்ன போடுவது? ‘நேர்வாய்’ என்று நான் தொடங்கி வைக்கிறேன்.