மனசை விட்டுப் போகாத ஒரு நிலம்: உங்கள் அனுபவம்?

மாரிட்ஸ்பர்க்வாசி:
புரட்டாசி விரதம் தொடங்கிய வாரம், அப்பாவோடு இங்கே தென்னாப்பிரிக்காவின் டிராகென்ஸ்பெர்க் மலைக்குப் போயிருந்தேன். தீ போன சரிவு, கண்ணுக்கு எட்டும் வரை கரி. "செத்த மலைடா இது, நாலு மரம் வைத்தாலாவது உருப்படும்" என்றார் அப்பா. நானும் ஆமாம் போட்டு, மழை வந்ததும் கோயில் இளைஞர்களோடு வந்து நாற்பது கன்று நடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன், சாம்பலுக்குள்ளிருந்து இலையே இல்லாமல் ஒரு தண்டு, நுனியில் ரத்தச் சிவப்பாகப் பூ. தீ லில்லி! கிழங்கு மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதுவரை மழை ஒரு சொட்டு விழவில்லை. சுற்றிலும் பத்து இருபது நின்றன, என் கால்தடத்துக்குள் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

கேப்டவுன் தம்பி:
அண்ணா, எங்கள் கேப் பக்கத்துப் புதர்க்காடான ஃபைன்போஸிலும் இதே கதைதான். 2021 ஏப்ரல் 18, டேபிள் மவுண்டன் சரிவில் பிடித்த தீ பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு அறையையே எரித்ததே, அன்று ரைலண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்த்து அழுதேன். அடுத்த குளிர்மழைக்குப் பிறகு ஏறிப் போனால், கருகிய புரோட்டியாப் புதர்களின் கூம்புகள் வாய் பிளந்து, கொட்டிய விதைக்குப் பக்கத்திலேயே விரல் நகம் அளவு முளை. சில விதைகளைப் புகையே எழுப்பிவிடும் என்று இங்குள்ள ஆய்வாளர்கள் 1990இல் காட்டினார்கள். ஆனால் இதை வைத்து, தீ எப்போது வந்தாலும் நல்லது என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் சரி. அடிக்கடி வந்தால் இளம் புரோட்டியா விதை பிடிக்கும் முன்பே எரிந்து அந்த இனமே அங்கே அற்றுப்போகும். இந்த முனையில் ஏறக்குறைய 9,000 வகைச் செடி, மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இல்லை.

வடகரை அக்கா:
நீங்கள் இருவரும் தீயைச் சொல்கிறீர்கள், எனக்கு வலித்தது தண்ணீர். 2006, எங்கள் வடகரையின் செயின்ட் லூசியா ஏரி. நீர்யானை காட்டலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஏரியைக் காணோம். வெடித்த சேறு, உப்புப் படலம், கால் வைத்தால் சிப்பி நொறுங்கும் சத்தம். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "தண்ணியை யார் எடுத்தாங்க அம்மா?" என்றாள். மழை இல்லை என்றேன். அது பாதிதான் உண்மை. உம்ஃபொலோசி ஆறு முன்பு கடல் முகத்துவாரத்திலேயே ஏரியோடு கலந்தது. ஆற்றோரச் சதுப்பைக் கரும்புக்காக வடித்ததும், சேற்றைத் தடுத்து நிறுத்த நாணலும் கோரையும் இல்லாமல் போயின. சேறு ஏரியைத் தூர்த்துவிடும் என்று பயந்து 1952இல் ஆற்றையே பிரித்துத் தனியாகக் கடலில் விட்டார்கள். அப்புறம் மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரிக்கு யார் தண்ணீர் கொடுப்பது? என் தாத்தா கரும்பு வெட்டியவர், அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். எங்கள் வீட்டுச் சோறு அந்தக் கரும்பிலிருந்து வந்தது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது? பிற்பாடு ஆற்றை மறுபடி சேர்த்தார்கள், 2021 ஜனவரியில் முகத்துவாரத்தையும் திறந்தார்கள். அவளிடம் மட்டும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

லெனேசியா மாமா:
என் கதை சின்னது. கரூ என்ற வறண்ட நிலத்தில் டயர் வெடித்து இறங்கி நின்றேன், கூழாங்கல் என்று நினைத்து எடுக்கப் போனது ஒரு செடி. அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க் தம்பி, அந்த நாற்பது கன்றை அங்கே நடாதே. புல்வெளி என்பது மரம் அழிந்துபோன காடு இல்லை, அது தனி நிலம். நம் ஐந்திணை மாதிரி இந்த நாட்டை ஒன்பது பயோமாக, அதாவது செடிகொடியை வைத்து ஒன்பது நிலவகையாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கேப்டவுன் தம்பி சொன்ன பதினைந்து ஆண்டு ஃபைன்போஸுக்குத்தான் பொருந்தும். உங்கள் மலைப்புல்லுக்கு ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தீ வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த புல் மூடி அடியில் இருப்பது மூச்சு முட்டும். அதே மலையில் கதீட்ரல் பீக் பக்கம் 1940களிலிருந்து ஓடைகளை அளந்து பார்த்தார்கள், பைன் நட்ட பள்ளத்தாக்கில் ஓடை மெலிந்தது. அந்த மலைத் தண்ணீரைத்தான் துகேலா ஆற்றிலிருந்து மேலே இறைத்து வால் ஆற்றுப் பக்கம் அனுப்புகிறார்கள், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் என் வீட்டுக் குழாய்க்கும் அதில் பங்கு உண்டு. வாட்டில், பைன் போன்ற வெளிநாட்டு மரங்கள் தண்ணீரைக் குடிக்கின்றன என்று 1995 முதல் அரசே கூலி கொடுத்து வெட்டுகிறது. நட ஆசையாக இருந்தால் கோயில் வளாகத்தில் நடு. இன்னொன்று, அந்தக் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவராதே. புல்லில் நடந்தால் உண்ணி ஏறும், நீளக் கால்சட்டை போட்டுக்கொள்.

மாரிட்ஸ்பர்க்வாசி:
சரி மாமா, நடவில்லை. நாற்பது பையும் கார் கொட்டகையில் இருக்கின்றன. இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், செயின்ட் லூசியா வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அக்கா, உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார் என்று கேட்கிறார்.