எண்டோசைட்டோசிஸ்: ‘உள்விழுங்கல்’ வேண்டாம், ‘மடியேற்பு’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயிரணு தன் சவ்வையே பையாக்கி, வெளியில் இருப்பதை உள்ளே எடுத்துக்கொள்வதுதான் எண்டோசைட்டோசிஸ். அதற்கு நம் கலைச்சொல் குழுவில் ‘மடியேற்பு’ என்ற சொல்லை முன்வைத்தேன். அதற்கு யாழ்ப்பாணத்து ஐயா எழுதிய மறுப்பை இருமுறை படித்தேன். “மடி தானாக மடியாது, மடிக்கும் கை எங்கே? உங்கள் சொல்லில் ஆக்டினுக்கு இடமில்லையே” என்று கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி. (ஆக்டின் என்பது உயிரணுவுக்குள் இழைகளாக வளரும் புரதம்.)

முதலில், ‘உள்விழுங்கல்’ ஏன் போதாது? விழுங்க வாய் வேண்டும். இங்கே உயிரணுவின் சவ்வே குழிந்து, பையாகி, கழுத்து இறுகி, அறுந்து உள்ளே போகிறது. கிளாத்ரின் என்ற புரதம் போர்த்திய அந்தப் பை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலம்தான். 1964இல் ராத், போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இக்குழிகளை ஏடிஸ் கொசுவின் முட்டையணுவில் கண்டு விவரித்தார்கள். டிங்கிக் காய்ச்சலுக்கு அஞ்சி வாழும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பால் மரம் வெட்டித் திரும்பும் அம்மா, வழியில் பறித்த சுண்டைக்காயை முந்தானையைக் குழித்துப் போட்டு, வாயைச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். சேலையே பை. சவ்வும் அப்படித்தான். இந்தச் சொல் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

இனி, ஐயா கேட்ட கை. சிறுநீரகக் குழாயின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் எபிதீலிய உயிரணுவுக்கு இரண்டு முகங்கள்: குழாயின் உள்வெளியைப் பார்க்கும் மேல்முகம், அடியும் பக்கங்களும் சேர்ந்த கீழ்முகம். 1993இல் வெளிவந்த ஆய்வில், நாயின் சிறுநீரக உயிரணுக்களுக்குச் சைட்டோகலசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ஆக்டின் இழைகளைக் குலைத்துப் பார்த்தார்கள். மேல்முகத்தில் மடியேற்பு தடைப்பட்டது, கீழ்முகத்தில் தொடர்ந்தது! 2011இல் வந்த மற்றோர் ஆய்வு காரணத்தைச் சவ்வின் விறைப்பில் கண்டது. விறைத்த சவ்வைக் கிளாத்ரின் மட்டும் குழித்து முடிக்க முடிவதில்லை. ஆக்டின் இழைகள் வளர்ந்து தள்ளி முடித்துக்கொடுக்கின்றன. நீரேற்றி உயிரணுவை உப்பச் செய்தபோது, ஆக்டின் இல்லாமலே நடந்த இடத்திலும் அது தேவைப்பட்டது.

விறைக்கக் கட்டிய துணியில் மடி பிடிக்கக் கை வலுவாக வேண்டும். தளர்ந்த முந்தானை காய் விழுந்தாலே குழியும். எனவே பொதுச்சொல்லில் கையை ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேவையான இடத்தில் ‘ஆக்டின்துணை மடியேற்பு’ என எழுதலாம்.

ஆக்டின் வலையை ‘எலும்புக்கூடு’ என்பதையும் கைவிடுவோம். கணந்தோறும் கட்டிப் பிரிக்கப்படுவது அது. கொத்தனார்கள் கட்டும் ‘சாரம்’ பொருத்தம்.

மடிதல் என்றால் சாவு அல்லவா என்று கோவை அம்மா தயங்குகிறார். மடிக்கணினியில் யாருக்கும் சாவு கேட்கவில்லை, அம்மா.

உள்ளிருக்கும் பை சவ்வோடு சேர்ந்து தன் சரக்கை வெளியே விடும் எக்சோசைட்டோசிஸ் ‘மடியவிழ்ப்பு’ ஆகட்டும். பாகோசைட்டோசிஸுக்கு மட்டும் ‘விழுங்கல்’ இருக்கட்டும். அங்கே உயிரணு தன்னையே நீட்டி இரையை வளைத்துப் பிடிக்கிறது.

ஒன்று மீதி இருக்கிறது. எபிதீலிய உயிரணு ஒரு முகத்தில் மடியேற்றதைச் சுமந்துபோய் மறுமுகத்தில் அவிழ்க்கிறதே, அந்த டிரான்ஸ்சைட்டோசிஸுக்கு ‘மடிகடத்தல்’ பொருந்துமா, ஐயா?